பூ உதிர்வதற்குள்

காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மொட்டை மாடியில், காய்ச்சலுக்கு மருந்தாகும் காய்ச்சல் கொடியின் பூக்கள் மறுபடியும் உதிர்ந்துகொண்டிருந்தன. வருடா வருடம் இதே கூத்துதான்: பூக்கிறது, உதிர்கிறது, காய் மட்டும் இல்லை. காட்டில் இருந்ததை மருந்துக்கென்று வேரோடு பிடுங்கி விற்றுத் தீர்த்துவிட்டார்கள். குச்சியை ஒடித்து நட்டால் அழுகிவிடும். விதை போட்டால்தான் முளைக்கும். என் தொட்டிகளில் இருப்பவற்றுக்கும் வயதாகிவிட்டது. இவை போனால் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு இந்த மருந்தே இனி கிடையாது.

"குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் மேலயும் கீழயும் அலையிற?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கென்ன, வேளாவேளைக்குச் சோறு வந்தா போதும்."

வரச் சொல்லியிருந்த நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவழியாக வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாக ஆற அமரக் குனிந்தார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

"அக்கா, எல்லாமே பெண் செடி. இதுல ஆண் செடி தனி. அந்தப் பூவைக் கொண்டாந்து தொட்டு வச்சாத்தான் காய்க்கும்."

"அது எப்படி இருக்கும்?"

"நோஞ்சானா இருக்கும். மருந்துக்கு ஆகாதுன்னு யாரும் சீந்த மாட்டாங்க."

எனக்குப் பகீரென்றது. பிறந்த வீட்டை விற்றுப் பங்கு பிரித்தபோது அப்பா வைத்த கொடிகளையும் பிரித்தோம். மூத்தவள் நான், வைத்தியம் பார்க்கிறவளும் நான். தடித்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு நோஞ்சான்களைத் தங்கச்சி பக்கம் தள்ளினேன். அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"போய்க் கேளு," என்றார் வீட்டுக்காரர்.

"அவகிட்டயா? அதுக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்துடலாம்."

சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஊரின் மறுகோடிக்குப் பேருந்து ஊர்ந்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஓட்டுநரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஒருவேளை பிடுங்கி எறிந்திருப்பாளோ? எறிந்திருந்தால் அவளைக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

கதவைத் திறந்தவளுக்கு முன்தலை நரைத்திருந்தது.

"என்ன, வழி தவறி வந்துட்டியா?"

"அப்பாவோட கொடி இருக்காடி?"

"குப்பைன்னு என் தலையில கட்டினியே, அதுவா?"

"அதேதான். பூத்திருக்கா?"

விறுவிறுவென்று உள்ளே போனாள். பின்னாலேயே ஓடினேன். பின்பக்கச் சுவர் முழுக்கக் கம்பி கட்டிக் கொடியை ஏற்றிவிட்டிருந்தாள். அடி மண் ஈரமாக இருந்தது. கொத்துக் கொத்தாகப் பூ.

"மருந்துக்கும் ஆகாது, காய்க்கவும் காய்க்காது. இதுக்குப் போய் இத்தனை வருஷமா தண்ணி ஊத்தினியா?"

"அப்பா வச்சதாச்சே. வேற என்ன விட்டுவச்ச எனக்கு?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விஷயத்தைக் குளறிக் குளறிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பூத்த கிளைகளாகப் பார்த்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றினாள். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"உன் அவசரத்துக்குப் பூவைக் கசக்கிடுவ. நகரு, நானே வர்றேன்," என்று வீட்டைப் பூட்டிவிட்டு எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தாள்.