ஒட்டிக்கொண்ட மைத்துனன்

கால்பந்துப் பயிற்சியாளரின் வீட்டு நிம்மதி அன்று விலைக்கு வந்திருந்தது. விலை ஒரு லீக் புள்ளி. கடைசி ஆட்டத்தை டிரா செய்தால் அவர் அணி லீக்கிலிருந்து வெளியேறாமல் தப்பும். கோல் மழை பொழியும் எதிரணியிடம் தற்காப்புதான் கைகொடுக்கும். ஆனால் முன்கள வீரனான மைத்துனனை வெளியே உட்காரவைத்தால் மனைவி சும்மா விடுவாளா?

பயிற்சியாளர் அவனைப் பின்வரிசைக்கு இழுத்தார்.

“என்ன மாமா, கோல் போடறவனைக் காவலுக்குப் போடறீங்க?”

“ரெண்டு நாள்னு வந்து ரெண்டு வருஷமா என் வீட்டுல ஒட்டிக்கிட்டிருக்கியே மாப்ள, அதே மாதிரி அவங்க ஸ்டார், அந்த ஒன்பதாம் நம்பரை ஒட்டிக்க. பந்தை மறந்துடு.”

ஒட்டினான். கடைசி விசில்வரை அந்த நட்சத்திர வீரன் பந்தைவிட மைத்துனன் முகத்தைத்தான் அதிகம் பார்த்தான்.

“அணியையே காப்பாத்திட்டான்! என் தம்பி இனி நம்மகூடவே இருக்கட்டுங்க,” என்றாள் மனைவி.

மைதானக் கணக்கு பூஜ்யத்துக்குப் பூஜ்யம், நேர். வீட்டுக் கணக்கில் மைத்துனன் இன்னும் பாக்கி.