கழுவிய இடம்

மீனம்மா அடுப்புச் சாம்பலை இரண்டு கையாலும் அள்ளி எஞ்சின் எண்ணெயின் மேல் கொட்டினாள். தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களா வாசலுக்கு ஏறிவரும் தார்ப் பாதையில், அவர் ஜீப் வழக்கமாக நிற்கிற இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குக் கறை படிந்து கிடந்தது. பெய்து ஓய்ந்த மழைநீர் அதன்மேல் நீலமும் ஊதாவுமாய் மினுங்கியது. சாம்பல் ஊறிக் கறுத்ததும் தகரத்தால் வழித்து எடுத்தாள். பிறகு சவர்க்காரத் தூளைத் தூவி, சுடுதண்ணீர் ஊற்றி, தும்புக்கட்டையால் தேய்க்கத் தொடங்கினாள்.

இந்த இடத்தில்தான் போன வாரம் அவள் புருஷன் சோலைமலை விறகுக் கட்டோடு வழுக்கி விழுந்தான். பங்களாவின் தோட்டக்காரன் அவன். இப்போது இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இனி எழுந்து நடப்பானா என்று கேட்டால் டாக்டர் பிடிகொடுத்துப் பேசுவதில்லை.

காலையில் பங்களாச் சமையல்காரன் அழகன் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு வந்து, "தொர ஒங்கள வரச் சொல்றாருக்கா. அண்ணே எழும்பி வர்ற வரைக்கும் அவரு வேலைய நீங்க பாக்கணுமாம்" என்றபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் துரை அவளை ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை.

வந்ததும் பூம்பாத்தியில் களை பிடுங்கக் குனிந்தாள். அழகன் தடுத்தான்.

"அதெல்லாம் பெறகு. மொதல்ல இந்த எண்ணெயப் போக்கணுமாம்."

"எதுக்கு இம்புட்டு அவசரம்? யாரும் வர்றாங்களா?"

"எனக்கென்னக்கா தெரியும்?"

கறை லேசில் விடவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டாள். "ஐயோ, வேணாம். தாரு கரைஞ்சு எடம் தெரிஞ்சிரும்" என்றான் அழகன். தெரிந்தால் என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. துரை இரண்டு தரம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. எங்கே உட்கார்ந்து குடிப்பதென்று தெரியாமல் நின்றபடியே குடித்தாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வேன் ஏறி வந்தது. விபத்தை விசாரித்து நஷ்டஈடு தீர்மானிக்க வந்த அதிகாரி இறங்கினாள். பெயர் ரோகினி, யாழ்ப்பாணத்துப் பேச்சு. துரை வாசல் பக்கத்துப் படிக்கட்டை அவளிடம் காட்டினார்.

"அந்தப் படியிலதான் விழுந்தான். பாசி. அவன் செருப்பும் பழசு."

"படியில இல்லீங்களே" என்றாள் மீனம்மா, தும்புக்கட்டையோடு எழுந்து. "இந்தா, இங்கதாங்க விழுந்தாரு. ஜீப்புல இருந்து எண்ணெ ஒழுகி..."

ரோகினி குனிந்து தாரை விரலால் தொட்டு முகர்ந்தாள். "இஞ்ச சவர்க்கார மணம்தானே அம்மா."

"எண்ணெ இருந்துச்சுங்க. நாந்தாங்க இப்பக் கழுவுனேன்."

"ஆர் கழுவச் சொன்னது?"

மீனம்மா அழகனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த தட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன்தானே சொன்னான்? துரை வாயால் ஒன்றும் சொல்லவில்லையே. அழகனைச் சொன்னால் அவன் பிழைப்புப் போகும். துரையைச் சொன்னால் காலையில் கிடைத்த இந்த வேலை போகும். இரக்கப்பட்டுக் கொடுத்த வேலையா, இதற்காகவே கொடுத்ததா? ஒன்றும் பிடிபடவில்லை.

"வேலைக்குன்னு வந்தேங்க. கழுவச் சொன்னாங்க..."

"அதுதான், ஆர் சொன்னது?"

மீனம்மா தும்புக்கட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். ரோகினி அந்த இடத்தில் சப்பாத்துக் காலை வைத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள். வழுக்கவில்லை. துரையோடு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். மீனம்மா குந்தி மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

வேன் போனபின் துரை திரும்பி வந்தார்.

"நல்லா கிளீன் பண்ணியிருக்கு, மீனம்மா. நாளைக்கும் வாங்க."

"சரிங்க தொர" என்று அவள் வாய் சொன்னது. குனிந்து பார்த்தாள். அவள் கை அந்த இடத்தை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தது.