நான்கு குடும்பங்கள் பால் காய்ச்சிய வீடு

மங்கையர்க்கரசியின் வீட்டை யாரோ இணையத்தில் வாடகைக்கு விட்டுவிட்டார்கள். காலை ஏழரைக்கு முதல் குடும்பம் சாமி படத்தோடும் பால் பாத்திரத்தோடும் வந்தது. ஒன்பதுக்குள் நான்கு குடும்பங்கள். எல்லோரிடமும் சாவி இருந்தது. எல்லாச் சாவியும் திறந்தது.

"இது என் வீடுங்க," என்றாள்.

"எங்க வீடும் இதுதாங்க," என்றார் முதலில் வந்தவர், பணிவாக. "விளம்பரம் பார்த்து அட்வான்ஸ் போட்டுட்டோம். நல்ல நேரம் போகுது, கொஞ்சம் நகருங்க."

செல்போனைக் காட்டினார். அவளுடைய ஹால்தான். சோபாவில் மகள் அபிநயாவின் கணக்கு நோட்டு கூடக் கிடந்தது. பக்கத்தில் பச்சை டிக், 'சரிபார்க்கப்பட்டது'. பச்சை மோசடி. ஆனால் ஏமாந்து நிற்பவர்கள் மேல் கோபப்பட அவளுக்கு மனம் வரவில்லை. பிழைக்கத் தெரியாதவள்.

அபிநயா பள்ளியிலிருந்து நாலு மணிக்கு வந்துவிடுவாள். அதற்குள் விளம்பரத்தை எடுத்தாக வேண்டும்.

விளம்பர ஒழுங்குமுறை அலுவலகம் அவள் குளியலறைக்கு அடுத்த கதவில் இருந்தது. நேற்றுவரை அங்கே சுவர். வரிசை மொட்டைமாடிவரை போய்த் திரும்பி வந்தது. நின்றாள்.

"எடுக்கணும்னா போட்டவர் வந்து கையெழுத்துப் போடணும்," என்றார் அதிகாரி.

"அவன் திருடன் சார்!"

"இருக்கட்டும்மா. அவரோட செல்ஃபி எங்ககிட்ட இருக்கு. டிக் குடுத்திருக்கோம். உங்களுக்கு டிக் இருக்கா?"

"பன்னெண்டு வருஷமா அங்கதான் இருக்கேன்."

"குடி வந்தப்போ பால் பொங்கின போட்டோ?"

அன்றைக்கு நல்ல மழை. கைக்குழந்தையோடு தனியாக வந்திறங்கியிருந்தாள். ஒரே ஒரு பாக்கெட் பால். பொங்கி வழியவிட மனசில்லாமல், இளஞ்சூடாக்கிக் குழந்தைக்குப் புகட்டிவிட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான்.

"பொங்கலை சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "அப்போ நீங்க இன்னும் குடியே வரலை."

"அங்கதான் சார் என் பொண்ணை வளர்த்தேன்!"

"அது வேற ஃபாரம். இங்க குடுக்கிறதில்லை."

மணி மூன்றே முக்கால். ஓடினாள். சமையலறைக்குப் போகும் வழி இரண்டு பஸ் ஸ்டாப் தூரம் நீண்டிருந்தது. உள்ளே நான்கு அடுப்பிலும் பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஓர் அடுப்பை வாங்கித் தன் பாலை வைத்தாள். தீ நன்றாக எரிந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். பால் சில்லென்று இருந்தது. பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எல்லோரும் மரியாதையாக வழிவிட்டு அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

நாலு மணிக்கு அபிநயா வந்தாள். வழக்கமான இடத்தில் ஷூவைக் கழற்றினாள். பையைச் சோபாவில் எறிந்தாள். பிறகுதான் வாசலில் நின்றவளைப் பார்த்தாள்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க!"

"இதோ வர்றேன்டா," என்று உள்ளேயிருந்து நான்கு பேர் குரல் கொடுத்தார்கள்.

அபிநயா நல்லபடியாக வளர்க்கப்பட்ட பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஆன்ட்டி," என்றாள்.