சேசிஸில் ஒரு நீலக் கோடு

"அது விரிசலே இல்லைங்கறேன். பெயின்ட் உரிஞ்சிருக்கு, அவ்ளோதான்."

ஹாரன்காரர் சொன்னது தெருமுனை இஸ்திரிக் கடை வரைக்கும் கேட்டது. அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

"பெயின்ட் உரிஞ்சா துரு எதுக்குங்க வழியுது?" என்ற பதில் பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களும் அவர் மனைவி தையல்காரியுடையவை. பேசுகிறவள் முகம் தெரியாததால் வண்டியே புருஷனோடு மல்லுக்கு நிற்பதுபோல் இருந்தது. வாளியோடு குழாயடிக்கு வந்தவர்கள் வாளி நிரம்பி வழிந்தும் நகரவில்லை.

வீடு மாற்றுகிறவர்களின் கட்டில் பீரோக்களை ஏற்றி இறக்குவதுதான் அவர் தொழில். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வார். அதை அவர் 'பெரியவன்' என்றுதான் கூப்பிடுவார். பெற்ற மகளே அதற்கு அப்புறம்தான்.

கோளாறை முதலில் கண்டவள் தையல்காரி. கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்று, கை நடுங்கி வெட்டிய துணிபோலக் கோணியிருந்தது. குனிந்து பார்த்தாள். முழு வண்டியையும் தாங்குகிற இரும்புச் சட்டத்தில், சேசிஸில், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒரு விரிசல், கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அவளுடைய தம்பி வெல்டர். பின்தொட்டியைக் கழற்ற வேண்டும், ஸ்பிரிங் பட்டையை இறக்க வேண்டும், சட்டத்தில் பழுதான பகுதியையே வெட்டி எடுத்துப் புதிதாகப் பொருத்த வேண்டும் என்றான். ஆகும் செலவையும் சொன்னான். ஹாரன்காரர் அன்றிலிருந்து மச்சானோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். இந்தக் காசுக்குப் பெரியவனுக்கு ஒரு தம்பியே வாங்கலாமே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போய், மெயின் ரோட்டில் ஒரு கொட்டகையில் விரிசலுக்கு மேல் குறுக்கே ஒரு தகட்டைப் பற்றவைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடி மாதிரி மின்னியது.

தையல்காரி அந்த மினுமினுப்பை நம்பவில்லை. நைந்த துணியில் புதுத்துண்டு ஒட்டுப்போட்டால் ஒட்டு கிழியாது, ஒட்டின் ஓரம் கிழியும். அப்படியேதான் ஆயிற்று. தகட்டின் ஓரத்தில் விரிசல் மறுபடி தலைகாட்டியது. அது எங்கே போய் முடிகிறதோ அந்த நுனியில், துணிக்குக் கோடு போடுகிற நீலச் சாக்கட்டியால் மெல்லிசாக ஒரு கோடு கிழித்தாள். மறுநாள் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது. மறுபடி ஒரு கோடு. அதையும் தாண்டியது. தினமும் விடிந்ததும் விடியாததுமாக அவள் வண்டிக்கடியில் படுப்பதைப் பார்த்து, செய்வினை எடுக்கிறாள் என்று ஒரு கட்சியும், புருஷன் எங்கோ போய் வருவதை வேவு பார்க்கிறாள் என்று ஒரு கட்சியும் தெருவில் உண்டாகிவிட்டன.

ஆனால் கொஞ்ச நாளாக விரிசல் கோட்டோடு நின்றுவிட்டது. தாண்டவே இல்லை. அதைத்தான் இப்போது ஹாரன்காரர் பிடித்துக்கொண்டார்.

"உன் கோட்டைத்தானே நம்புவ? பாரு. கோடு எங்க இருக்கு, விரிசல் எங்க நிக்குது?"

பார்த்தாள். நுனியும் கோடும் ஒட்டிக்கொண்டு நின்றன. தவழ்ந்து வெளியே வந்து புடவையை உதறினாள். குழாயடியில் யாரோ 'ப்ச்' என்றார்கள். இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை, எங்கள் மலையிலிருந்து இறங்கி அடிவார ஊருக்கு லோடு. மாற்றலாகிப் போகிற நர்ஸ் ஒருத்தியின் வீட்டுச் சாமான்கள். நர்ஸ் முன்னாடியே போய்விட்டாள். அதே ஊரில் வேலை பார்க்கிற மகளும் லீவு முடிந்து கேபினில் ஏறிக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை கையசைத்துவிட்டு, தையல்காரி மெஷினில் வந்து உட்கார்ந்தாள்.

ஒரு சட்டைக்குக் கை வெட்டுவதற்காகச் சாக்கட்டியை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

சாக்கட்டியின் ஓரத்தை அவள் பிளேடால் கத்திபோலச் சீவித்தான் வைப்பாள். இப்போது அது மழுங்கி உருண்டிருந்தது. பக்கவாட்டில், கிரீஸ் பிசுக்கோடு, ஒரு பெரிய கட்டைவிரல் ரேகை.

விரிசல் நிற்கவில்லை. கோடுதான் கூடவே நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் அவள் எழுவதற்கு முன்பே அந்த மனுஷன் பழைய கோட்டை அழித்து, விரிசல் போய் நின்ற இடத்தில் புதுக்கோடு போட்டிருக்கிறார். அப்படியானால் அது இப்போது எவ்வளவு தூரம் ஏறியிருக்கும்? மேலே இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம்? அவள் பெற்ற ஒரே பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து மலை இறங்குகிறது.

போன் போட்டாள். ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். மகளும் எடுக்கவில்லை. அவசரத்தில் தவறி மூன்றாம் வீட்டுக்காரிக்கும் ஒரு அழைப்பு போயிற்று. அதனால்தான் இவ்வளவும் தெருவுக்குத் தெரியும். செருப்புப் போடாமல் தம்பியின் பட்டறைக்கு ஓடினாள். அவன் அக்கா முகத்தைப் பார்த்தான், பாதி வேலையைப் போட்டுவிட்டுப் பைக்கை உதைத்தான்.

மலைரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் அவள் முன்னால் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்த்தாள். தடுப்புக் கம்பி முழுசாக இருக்கிறதா, புதர் நசுங்கியிருக்கிறதா, புதுசாக டயர்த் தடம் ஏதாவது விளிம்பு வரைக்கும் போகிறதா. ஓயாமல் வாயடிக்கிற தம்பி வாயே திறக்காமல் ஓட்டியது இன்னும் கிலியாக இருந்தது.

"ஏதாவது பேசுடா."

"பேசினா குரல் காட்டிக் குடுத்துடும்க்கா."

இன்னொரு வளைவு. அங்கே ஓரமாகப் பெரியவன் நின்றிருந்தான். நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்திருந்தது. ஹாரன்காரர் வண்டிப்பக்கமே போகாமல் தள்ளி, பாலத்துக் கட்டைச் சுவரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேபின் காலி.

"பொண்ணு எங்க?"

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கையை மட்டும் நீட்டிக் கீழே காட்டினார்.

தையல்காரிக்கு அந்தக் கை காட்டிய பக்கம் பள்ளம் மட்டும்தான் தெரிந்தது. விளிம்பை நோக்கி ஓடினாள். தம்பி பிடித்து நிறுத்தினான்.

"பஸ்ஸு," என்றார் அவர் கடைசியில். தெருவே அறிந்த அந்தக் குரல் பக்கத்தில் இருக்கிறவளுக்கே கேட்காதபடி தேய்ந்திருந்தது. "மேல ஸ்டாப்புலயே பஸ் ஏத்தி விட்டுட்டேன். டீசல் போடணும், நேரமாகும்னு பொய் சொல்லி."

அவள் அவரை அடிக்கவில்லை. அடிக்கக் கை எழவில்லை. ஏன் இறக்கிவிட்டீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"கோட்ட அழிச்சு அழிச்சுப் போட்டவன் நான்தானே. எவ்ளோ ஏறியிருக்குன்னு எனக்குத்தானே தெரியும். ஒவ்வொரு குழியிலயும் 'டக்'குங்குது. பாட்டைச் சத்தமா வச்சேன். அதையும் மீறிக் கேக்குது. அவளை இறக்கின பிறகு ஓட்டிடலாம்னுதான் பாத்தேன். இந்த வளைவுல காலு பிரேக்கை விட்டு வர மாட்டேங்குது."

வெல்டர் வண்டிக்கடியில் போனான். போனவன் கையை மட்டும் வெளியே நீட்டி, அக்காவின் மூடிய உள்ளங்கையிலிருந்த சாக்கட்டியைக் கேட்டான். வீட்டிலிருந்து அதை இறுக்கிக்கொண்டே வந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை விரிசலில் வைத்தான். தடையில்லாமல் உள்ளே போய்விட்டது.

"மாமா," என்றான் வெளியே வந்து, பல மாதங்களுக்குப் பிறகு முதல் வார்த்தையாக, "இதுக்கு மேல ஒரு வளைவு தாங்காது."

ஹாரன்காரர் தலையாட்டினார். கட்டைச் சுவரைவிட்டு எழுந்திருக்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சாமானெல்லாம் ரோட்டோரம் இறங்கியது. சேதி போய், நர்ஸ் இன்னொரு வண்டி பிடித்துக்கொண்டு மலையேறி வந்தபோது, அவளுடைய நிலைக்கண்ணாடி காற்றில் சாயாமல் வெல்டர் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். திட்டுவதற்கென்றே வந்தவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் தெருவின் கவனக்குறைவு.

பெரியவன் இன்னொரு லாரியின் முதுகில் ஏறித்தான் வீடு திரும்பினான். வெல்டர் அன்று சொன்ன வேலையை அப்படியே, ஒன்றும் குறைக்காமல் செய்தான். புது மெஷினுக்காகத் தையல்காரி சேர்த்ததெல்லாம் அந்தச் சட்டத்துக்குள் போயிற்று. அவள் இன்னும் பழைய மெஷினில்தான் மிதிக்கிறாள். இப்போதும் வாரம் ஒருமுறை வண்டிக்கடியில் படுக்கிறாள். விளக்குப் பிடிக்கிறவர் ஹாரன்காரர். சாக்கட்டி மட்டும் பூட்டிய டிராயரில் இருக்கிறது, சாவி அவள் கழுத்தில்.

மகள் இன்னும் அந்த ஊரில்தான் வேலை பார்க்கிறாள். வருவதும் போவதும் பஸ்ஸில்தான், அப்பா எவ்வளவு கூப்பிட்டாலும் சரி. வெல்டர் நர்ஸைக் கட்டிக்கொண்டு பட்டறையையே மலையடிவாரத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். பட்டறைச் சாமானையும் அந்த நிலைக்கண்ணாடிக்கு அவன் செய்த புதுச் சட்டத்தையும் ஏற்றிக்கொண்டு போனது பெரியவன்தான். ஹாரன்காரர் ஓட்ட, தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு போட விடாமல், வழிநெடுகக் காதைத் தீட்டிக்கொண்டே போனாள்.