பெரிய பள்ளிச் சந்தூக்கு

வாப்பாவைக் கபன் துணியால் சுற்றி முடித்ததும் ஹாஜறா வாசலுக்கு ஓடிவந்து பெரிய பள்ளிவாசல் பக்கம் பார்த்தாள். மையித்தைச் சுமக்கச் சந்தூக்குப் பெட்டி கேட்டுப் போன கணவன் காலிதீன் இன்னும் திரும்பவில்லை. அஸர் தொழுகைக்கு முன் அடக்கியாக வேண்டும். வாப்பா மீராமுகைதீன் லெப்பை முப்பது வருடம் வெள்ளிக்கிழமைக் குத்பா ஓதிய பள்ளி அது. காலையிலிருந்து அதன் ஒலிபெருக்கி அவர் மௌத்தானதை ஒரு வார்த்தை அறிவிக்கவில்லை. சந்தியில் பத்துப் பதினைந்து பேர் கைகட்டி நின்றார்கள். ஒருவராவது வேலிப் படலைக்குக் கிட்ட வரவில்லை. அக்கரைப்பற்று பஸ் கூடச் சந்தியில் நிற்காமல் போனது.

காலிதீன் வெறுங்கையோடு வந்தான்.

"என்னவாம்?"

"தரமாட்டாங்களாம். புதுப் பள்ளிக்காரனுக்கும் அவனோட சேந்தவனுக்கும் சந்தூக்கு இல்லையாம். மாமாட கையெழுத்தையே எடுத்துக் காட்டுறாங்க."

எழுபத்தொன்பதில் புதுப் பள்ளிக்காரருக்குச் சந்தூக்கு இல்லை என்ற தீர்மானத்தை வாப்பா எழுதியபோது பேனையை எடுத்துக் கொடுத்தவளே ஹாஜறாதான். கந்தூரிச் சோறு கூடாது, மௌலூது ஓதுவது கூடாது என்று பிரிந்துபோய்ப் புதுப் பள்ளி கட்டியவர்களுக்கு அது ஒரு பாடமாம். அடுத்த மாதமே அப்துல் ஸமட்டின் மனைவி முனவ்வறா பிள்ளைப்பேற்றில் மௌத்தானாள்; பிள்ளை மட்டும் தப்பியது. ஸமட் புதுப் பள்ளிக்காரன். வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் கிடத்தித்தான் அவளை அடக்க மையவாடிக்குக் கொண்டுபோனார்கள்.

அதன்பின் வாப்பாவுக்குச் சரியான உறக்கமில்லை. ஐந்து வருடம் கழித்து, போன வெள்ளிக்கிழமை, பள்ளி மிம்பர் மேடையில் நின்று சொன்னார்: "நான் செஞ்சது பிழை. சந்தூக்கு எல்லாருக்கும் பொது." அவரும் புதுப் பள்ளிக்காரரோடு சேர்ந்துவிட்டார் என்று அன்று பின்னேரமே நிர்வாகிகள் அவரிடமிருந்து பள்ளிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

சந்தியில் சத்தம் எழுந்தது. அப்துல் ஸமட் வந்துகொண்டிருந்தான். பின்னால் நான்கு பேர் ஒரு கதவைச் சுமந்து வந்தார்கள். ஹாஜறா முற்றத்துக்கு இறங்கினாள். மையித்து வீடென்றும் பாராமல் பழி தீர்க்க வருகிறானே!

"ஸமட், யோசிச்சுச் செய்!" என்று யாரோ கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

காலிதீன் படலையை மறித்து நின்றான்.

"வழி விடுங்க மச்சான். அஸருக்கு நேரமாகுது."

கதவை முற்றத்தில் வைத்துவிட்டு ஸமட் அவளைப் பார்த்தான்.

"அதே கதவுதான், தங்கச்சி. கழுவித்தான் கொண்டுவந்திரிக்கன்."

ஹாஜறா முந்தானையால் கதவின் ஈரத்தைத் துடைத்தாள். ஓரத்தில் பிணைச்சல் கழற்றிய ஆணித் துளைகள் புதிதாகத் தெரிந்தன.

வாப்பாவை அதில் கிடத்தித் தூக்கினார்கள். சந்தியில் நின்றவர்கள் விலகினார்கள். அப்பால் ஸமட்டின் வீட்டில், கதவில்லாத வாசற்படியில், ஐந்து வயதுப் பெண்பிள்ளை தனியே உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.