‘நிப்பன்’ என்றதற்குப் பிறகு

மூதூரில் இரண்டு பேர் அந்தக் கணினியைத் திறந்து பார்த்து, டிஸ்க் செத்துவிட்டது என்று கைவிரித்திருந்தார்கள். திருகாணி கழற்றத் தெரிந்தவனெல்லாம் ரிப்பேர்காரன். டிஸ்க் பழுதில்லாமல் கல்லுப்போல இருந்தது. டிஸ்கையும் கணினியையும் பேச வைக்கும் ஸ்டோரேஜ் டிரைவர் என்ற மென்பொருள்தான் ஆதிகாலத்தது.

“இதைப் புதுசாக்கினாச் சரி, றுக்கியாக்கா,” என்றேன்.

எதிர்க் கதிரையில் இருந்த றுக்கியா தலையசைத்தார். அவருடைய கணவர் நௌபர் இரண்டு வருடங்களுக்கு முன் கடலுக்குப் போனவர். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. அன்று அவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டபோது வீட்டில் யாரும் இல்லை. வீட்டு வயர்லெஸ்ஸோடு இணைத்திருந்த இந்தக் கணினிதான் பேச்சைப் பதிந்து வைத்திருந்தது.

கணவன் இறந்தால் மனைவி இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் முன் வராமல் சில மாதங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பது. ஊரே சொல்லியும் றுக்கியா இருக்கவில்லை.

“அவர் வாறதாச் சொன்னவர், தம்பி. கேளுங்க.”

பதிவைப் போட்டார். “எஞ்சின் சரியாகிட்டு, றுக்கியா. அஸர் தொழுகைக்கு முந்திக் கரையில நிப்பன்.”

அந்த இடத்தில் திரை நீலமானது. “நிப்பன் நிப்பன் நிப்பன்” என்று குரல் சிக்கிக்கொண்டு அடித்தது. றுக்கியா பழகியவர்போல வயரைப் பிடுங்கினார்.

“எப்பவும் இதிலதான் நிக்கும். பிள்ளையள் பயப்பிடுதுகள்.”

டிரைவரைப் புதுப்பித்தேன். என் கெட்டித்தனத்தைக் காட்ட நானே பதிவைப் போட்டேன்.

“நிப்பன்.” திரை நீலமாகவில்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு காற்று, பலகை முறியும் சத்தம், மிக அருகில் தண்ணீர்.

“றுக்கியா, பிள்ளையளைப் பாத்துக்கொள்ளு. என்னை மன்னிச்சிரு.”

அதன்பின் மரணத் தறுவாயில் சொல்லும் கலிமா. மூச்சுத் திணறத் திணற, கடைசிச் சொல் வரைக்கும் சொல்லி முடித்தார்.

நான் திரும்பினேன். கதிரையில் ஆள் இல்லை. குசினி வாசல் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

“அக்கா?”

“உள்ளுக்கு வராதீங்க, தம்பி.” சீலைக்குப் பின்னாலிருந்துதான் குரல் வந்தது. “இனி நான் உங்களுக்கு முன்னால வர ஏலாது. கதவைச் சாத்திக்கொண்டு போங்க.”

கணினி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இப்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.