ஜெபக்காவுக்கு வந்த முகம்

"மேல்மாடி தபால்காரர் ஞாபகமாவே இருக்கு. போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு பிரிட்ஜ் மெக்கானிக் எழுந்து செருப்பை மாட்டினார். ஜெபக்குழு நடந்துகொண்டிருந்தது அவர் வீட்டுக் கூடத்தில்தான். பாட்டும் ஜெபமும் முடிந்தபின் எல்லோரும் சிறிது நேரம் கண்ணை மூடி மௌனமாக இருப்பார்கள். பிறகு கர்த்தர் தங்களுக்கு உணர்த்தியதை ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அவர் மனைவிதான். ஊருக்கே அவள் ஜெபக்கா. அவள் முறை வரும்போது ஒரு வசனமும் அதற்கு ஒரு குட்டிப் பிரசங்கமும் சொல்வாள். அதெல்லாம் அவளே முதல்நாள் தயார் செய்து வைத்தது என்பது யாருக்கும் தெரியாது.

ஓய்வுபெற்ற தபால்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல், கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தார். மெக்கானிக் கதவை உடைத்து அவரைத் தூக்கி வந்தார். கர்த்தரே மெக்கானிக்கோடு பேசி அனுப்பினார் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் அதைப் பிரசங்கத்திலேயே சொன்னார். ஆராதனை முடிந்ததும், வழக்கமாக ஜெபக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிற பெண்கள் அவளைத் தாண்டிப் போய், "அண்ணே, எங்களுக்காகவும் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க," என்று அவள் கணவனிடம் நின்றார்கள். ஜெபக்கா சிரித்த முகத்தோடுதான் நின்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்குத் தாடை வலித்தது.

அவளுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனுக்காக முழங்கால் தேய ஜெபித்தவள் அவள். அவரோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு பிரிட்ஜின் பின்னால் மல்லாந்து கிடப்பார். போன வருஷம் சபையின் சமையலறை பிரிட்ஜைப் பழுதுபார்க்க வந்தவர், அது குளிர்கிறதா என்று பார்க்கக் காத்திருந்த நேரத்தில் ஆராதனையின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், அப்படியே தங்கிவிட்டார். அன்று அவள் அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். இப்போது பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் ஆண்டவரிடம் சண்டை பிடித்தாள். கூட்டிக்கொண்டு வந்தது நான், பேசுவது அவரோடா? நேற்று வந்தவருக்கு அப்படி என்ன செல்லம்? கேள்விக்குப் பதில் வரவில்லை. பதில் வருவதற்கு அவள் இடைவெளி விட்டதும் இல்லை.

இந்த வலி அவளுக்குப் புதிதில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொண்டது முழுவதும் அவள்தான். கடைசி நாளில் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். எப்போதாவது எட்டிப்பார்க்கிற தங்கை அந்த நேரம் பார்த்து வந்து உட்கார்ந்தாள். அம்மா அவளிடம் ஏதோ பேசிவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். அடக்கத்துக்கு மறுநாள் தங்கை, "அக்கா, அம்மா கடைசியா என்ன சொன்னான்னா..." என்று ஆரம்பித்தாள். "உங்கிட்டதானே சொன்னா, நீயே வச்சுக்க," என்று அவள் வாயை அடைத்துவிட்டாள் ஜெபக்கா. அத்தோடு பேச்சு நின்றுபோனது. தங்கை இருப்பது இரண்டு தெரு தள்ளித்தான். பேக்கரியில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறாள். தெருவில் எதிர்ப்பட்டால் ஜெபக்கா கடைப் பலகைகளைப் படிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு மாலை, தைத்த திரைச்சீலையை மடிப்பதற்காகக் கணவனை மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். இருவரும் கூடத்தின் இரு கோடியில் நின்றார்கள். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. கர்த்தருடைய குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். பெரிய விஷயமில்லை என்பதுபோலத்தான் கேட்டாள்.

"குரலா? எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கேக்காது," என்றார் அவர். "யாராவது ஒருத்தர் மூஞ்சி வரும். தள்ளினாலும் போகாது. சரி, என்னன்னுதான் பாப்போமேன்னு போவேன்."

"சும்மா உங்க மனசே கிளப்பி விட்டதா இருந்தா?"

"இருந்தா என்ன, ஒரு டீயைக் குடிச்சிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான்."

ஜெபக்காவின் கையிலிருந்து திரைச்சீலை நழுவியது. முகம் அவளுக்கும் வருகிறது. எத்தனையோ வருஷமாக வருகிறது. கண்ணை மூடினால் போதும், மாவு ஒட்டிய கன்னத்தோடு தங்கை வந்து நிற்பாள். ஜெபத்தைக் கெடுக்கச் சாத்தான் கொண்டுவரும் முகம் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். இயேசுவின் நாமத்தில் கடிந்துகொண்டு விரட்டுவாள். அது மறுவாரமும் வரும். இன்னும் உரக்கக் கடிந்துகொள்வாள். தன் ஜெபத்துக்கு ஒரு தடை இருக்கிறது, அது நீங்க வேண்டும் என்று ஒருமுறை குழு முழுவதையும் உபவாசம் இருக்க வைத்தாள். பாவம், அந்த ஜனங்கள் பட்டினி கிடந்ததும் இதற்குத்தான்.

"என்னாச்சு?" என்றார் மெக்கானிக். அவள் செருப்பைத் தேடினாள்.

போகிற வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். மன்னிப்பைப் பற்றி நல்ல வசனம் ஒன்று கைவசம் இருந்தது. தங்கை கதவைத் திறந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு ஒதுங்கி வழிவிட்டாள். உட்கார்ந்ததும் ஜெபக்கா வழக்கம்போல வாயைத் திறந்தாள். வசனம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "அம்மா என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

தங்கை வெகுநேரம் பேசவில்லை. அந்த மௌனத்தை நிரப்பாமல் இருப்பதற்கு ஜெபக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலைப் பிடிச்சு விடச் சொன்னா," என்றாள் தங்கை. "பிடிச்சேன். உனக்குப் பிடிக்கத் தெரியல, அக்கா மாதிரி பிடின்னா. அவ்வளவுதான். என்னைக்கோ ஒருநாள் வந்து உக்காந்தேன், அப்பவும் உன் பேச்சுதான். எனக்கு எப்படி எரிஞ்சுது தெரியுமாக்கா? இன்னும் எரியுது."

ஜெபக்கா புடவைத் தலைப்பை விரலிலிருந்து விடுவித்தாள்.

தங்கை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். நின்று நின்று வீங்கிய வலதுகாலைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தாள். விரலிடுக்கில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"அப்படி எப்படித்தான் பிடிப்பே? பிடி, பாப்போம்."